வீடெக் சிட்டியை ஸ்போர்ட்ஸ் கார் ஆக்கிவிட்டு தினமும் குனியமுத்தூர் தாண்ட முடியுமா?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் வீடு, கோவையில் வேலை, 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 வீடெக் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறீர்கள், கேரளா ரெஜிஸ்ட்ரேஷன். ட்யூனர் (இன்ஜினின் பவரை ஏற்றித் தருபவர்) ஒருவர் பெரிய கேம் (வால்வைத் தள்ளித் திறக்கும் மேடு), 4-1 ஹெடர் (நான்கு சிலிண்டரின் புகைக்குழாயையும் ஒரே இடத்தில் சேர்ப்பது), எடை குறைத்த ஃபிளைவீல் (இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரம்), செராமிக் கிளட்ச், திறந்த ஏர் ஃபில்டர் என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார். எல்லாம் போட்டால் ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி இழுக்குமா, அதே வண்டியில் தினமும் ஆபீஸ் போய் வரலாமா என்று கேட்கிறீர்கள். எத்தனை குதிரைசக்தி ஏறும் என்று எழுதியிருந்தாலும், உங்கள் மனதில் இருக்கும் பயம் வேறு என்று நினைக்கிறேன். சாயங்காலம் மேம்பாலம் இறங்கி குனியமுத்தூர் வழியாக ஃபர்ஸ்ட், செகண்ட், மறுபடி ஃபர்ஸ்ட் என்று நகரும்போது இந்த வண்டி உயிரை வாங்குமா என்பதுதான் அது. அந்தப் பட்டியலை அப்படியே போட்டால் வாங்கும். ஆனால் அதில் சிலதைத் தள்ளிவிட்டு, அதில் இல்லாத சிலதைச் சேர்த்தால், ஹைவேயில் சாவடியிலிருந்து எட்டிமடை வரை சந்தோஷமாக ஓட்டுகிற வண்டியாகவும் டிராஃபிக்கில் முரண்டு பிடிக்காத வண்டியாகவும் அது இருக்கும். நான் மெக்கானிகல் டிப்ளமோ முடித்துவிட்டு பல வருடம் கோவையில் ஹெட் (இன்ஜினின் மேல் பாகம், வால்வுகள் இருக்கும் இடம்) வேலை பார்த்தவன், ரேலிக்கும் ரேஸுக்கும் போகிற இன்ஜின், வீட்டுக்காரம்மா ஓட்டுகிற இன்ஜின் இரண்டுமே மேஜைக்கு வந்திருக்கின்றன. அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். குதிரைசக்தி என்பது டார்க்கையும் (முறுக்கும் விசை) ஆர்பிஎம்மையும் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பெருக்கி வருவது. 100 நியூட்டன் மீட்டர் டார்க் 3000 ஆர்பிஎம்மில் இருந்தால் சுமார் 43 பிஎஸ் (குதிரைசக்தி), அதே 100 நியூட்டன் மீட்டர் 6000இல் இருந்தால் சுமார் 85 பிஎஸ். டர்போ இல்லாத 1.5 லிட்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு உறிஞ்சும் காற்று கிட்டத்தட்ட இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு இருக்கிறது, அதனால் டார்க்கைப் பெரிதாக ஏற்ற முடியாது. பவர் வேண்டுமென்றால் அந்த டார்க்கை மேல் ஆர்பிஎம்முக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும், அப்படித் தள்ளும்போது கீழே குறைகிறது. ட்யூனர் காட்டும் டைனோ ஷீட்டில் (பவரையும் டார்க்கையும் அளந்து கோடாக வரைந்த தாள்) உச்சியில் இருக்கும் நம்பரைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். நீங்கள் 1500இலிருந்து 3500 வரை கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள், மாற்றுவதற்கு முன்னால் எடுத்த கோட்டையும் அதே பேப்பரில் கேளுங்கள். காலையில் ஆபீஸ் போகும்போது உங்கள் இன்ஜின் குடியிருப்பது அங்கேதான். மட்டமான ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போக இந்த மாதிரி வண்டிக்கு 10 பிஎஸ் கூடத் தேவையில்லை. ஆகவே டிராஃபிக்கில் பவர் போதவில்லை என்று யாருமே கஷ்டப்படுவதில்லை. ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தினால் லேசாக நகர வேண்டும், விட்டால் ஆஃப் ஆகாமல் நிற்க வேண்டும், அதுதான் பிரச்சினை.

கேம் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பட்டியலில் ஆளை மாற்றிவிடுவது அதுதான். பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே ஏற ஆரம்பித்த பிறகும் இன்டேக் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். மேல் ஆர்பிஎம்மில் இது நல்லது, வேகமாக வருகிற காற்று தன் வேகத்திலேயே உள்ளே முட்டிக்கொண்டு போகும். பெரிய கேம் இந்த வால்வை இன்னும் தாமதமாக மூடுகிறது. 6500இல் அருமையாக இருக்கும். 1200இல் காற்றுக்கு அந்த வேகம் இல்லை, ஏறுகிற பிஸ்டன் உள்ளே வந்ததில் ஒரு பகுதியைத் திருப்பி இன்டேக்குக்கே தள்ளிவிடும், ஆக நிஜமான கம்ப்ரஷன் அங்கே குறைந்துபோகிறது. இது ஒன்று. இன்னொன்று ஓவர்லாப், அதாவது எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்குள் இன்டேக் வால்வு திறந்துவிடும் அந்தச் சில டிகிரி. ஐட்லிங்கில் இன்டேக் பக்கம் வெற்றிடம் இருப்பதால், ரயில்வே கேட் திறந்ததும் இரண்டு பக்கத்து வண்டியும் ஒரே நேரத்தில் நுழைகிற மாதிரி, போக வேண்டிய புகை திரும்பி உள்ளே வரும், வர வேண்டிய கலவை நின்றுவிடும். ஒரு சுற்று நன்றாக எரியும், அடுத்த சுற்று அரைகுறையாக எரியும். யூடியூபில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்கிற அந்தத் தடதடப்பு இதுதான், கேட்க நன்றாக இருக்கும், செகண்ட் கியரில் ஊர்ந்து போகும்போது வண்டி முன்னும் பின்னும் குதிக்கும்.

இதில் பலர் யோசிக்காத ஒரு ஆபத்தும் உண்டு. உங்கள் பிரேக் பூஸ்டர் வேலை செய்வது இன்டேக் வெற்றிடத்தில். ஓவர்லாப் அதிகமானால் ஐட்லிங்கில் அந்த வெற்றிடம் குறையும், நிறுத்தி நிறுத்தி நகரும்போது மூன்றாவது நான்காவது மிதியில் பிரேக் கல் மாதிரி இறுகும். முன்னால் ஒரு டவுன் பஸ் நிற்கும் நேரத்தில் இதைக் கண்டுபிடிக்க வேண்டாம்.

சரி, அப்படியானால் வேகமும் சாதுத்தனமும் சேராதா? சேரும், அதற்குத்தான் ஹோண்டா 1989இல் இன்டெக்ராவில் வீடெக்கைக் கொண்டுவந்தது. 1.6 லிட்டர், டர்போ இல்லை, 160 பிஎஸ், அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். ஒரே ஷாஃப்டில் இரண்டு வகை கேம், கீழே சின்னது, மேலே போனதும் ஆயில் பிரஷரால் ஒரு பின் நுழைந்து பெரிய கேமுக்கு மாறும். அடுத்த வருடம் வந்த ஹோண்டாவின் ஸ்போர்ட்ஸ் கார் என்எஸ்எக்ஸ் 8000 ஆர்பிஎம் வரை போகிற கார், ஆனால் ஆபீசுக்கு ஓட்டலாம் என்று பெயர் எடுத்தது, அந்தப் பெயரில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் சிட்டியில் இருப்பது அதே யோசனையின் எளிய வடிவம், ஒற்றை கேம்ஷாஃப்ட், மாற்றம் இன்டேக் பக்கம் மட்டும், 106 பிஎஸ். 2003இல் வந்த அடுத்த சிட்டியில் 77 பிஎஸ் ஐ-டிஎஸ்ஐ இன்ஜினைப் பார்த்துவிட்டு எங்கள் கூட்டம் எவ்வளவு புலம்பியது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆக நீங்கள் கேட்கிற சமரசத்தை ஜப்பானில் ஒருத்தர் ஏற்கெனவே உட்கார்ந்து முடித்துக் கொடுத்திருக்கிறார். அதைக் கழற்றிவிட்டு ஒற்றை குணமுள்ள ரேஸ் கேம் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. போட்டே ஆக வேண்டுமென்றால் கீழ்ப் பக்கத்துச் சின்ன கேமை அப்படியே விட்டுவிட்டு மேல் பக்கத்தை மட்டும் கொஞ்சம் ஏற்றிய கேமைத் தேடுங்கள். கிடைப்பது கஷ்டம், விலையும் அதிகம்.

ஃபிளைவீல். இது பவரைக் கூட்டாது, டைனோவில் ஒரு குதிரை கூட வராது, இன்ஜின் சீக்கிரம் சுற்று ஏறும், அவ்வளவுதான். அந்த வித்தியாசமும் ஃபர்ஸ்ட், செகண்டில்தான் தெரியும், ஏனென்றால் சுழலும் எடையின் பாதிப்பு கியர் விகிதத்தின் வர்க்கத்தில் வருகிறது, ஃபோர்த், ஃபிஃப்த்தில் அது ஒன்றுமே இல்லை. பதிலுக்கு, ஏ.சி. கம்ப்ரசர் ஆன் ஆகும் ஒவ்வொரு முறையும் இன்ஜின் குலுங்கும், மேட்டில் கிளம்பும்போது ஆஃப் ஆகும். கொஞ்சம் எடை குறைத்தால் பழகிவிடலாம், பாதியாகக் குறைத்தால் தினமும் சண்டைதான். ஆனால் ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்கிறேன்: கம்பெனி காஸ்ட் அயர்ன் ஃபிளைவீலை லேத்தில் கொடுத்து சீவ வேண்டாம். கணபதியிலோ பீளமேட்டிலோ யாரிடம் கொடுத்தாலும் மதியத்துக்குள் சீவித் தந்துவிடுவார்கள், வேலையும் சுத்தமாக இருக்கும், ஆனால் மெலிந்த காஸ்ட் அயர்ன் 7000 ஆர்பிஎம்மில் வெடித்தால் பெல் ஹவுசிங்கைக் கிழித்துக்கொண்டு உங்கள் காலை நோக்கி வரும். வேண்டுமென்றால் ஃபோர்ஜ் செய்த ஸ்டீலில் ரெடிமேடாக வாங்குங்கள்.

செராமிக் கிளட்ச் வேண்டவே வேண்டாம். 106 பிஎஸ் இன்ஜினை 120 ஆக்கினாலும் நல்ல ஆர்கானிக் பிளேட் தாங்கும். செராமிக் பிளேட்டுக்கு ஹாஃப் கிளட்ச் என்றால் என்னவென்றே தெரியாது, பிடித்தால் பிடித்தது, விட்டால் விட்டது. அதைப் போட்டுக்கொண்டு நெரிசலில் ஊர்வது இடது காலுக்குத் தண்டனை, கியர்பாக்ஸுக்கும் இன்ஜின் மவுன்டுக்கும் அடி.

ஹெடர் விஷயத்தில் எனக்கு முழு எதிர்ப்பு இல்லை. 4-1 மேல் ஆர்பிஎம்முக்கு, 4-2-1 (குழாய்கள் முதலில் இரண்டிரண்டாகச் சேர்ந்து அப்புறம் ஒன்றாவது) நடுவுக்கு, பொதுவாக அப்படித்தான். ஆகவே உங்களுக்கு 4-2-1. ஆனால் இந்த இடத்தில் உறுதி குறைகிறது, ஏனென்றால் குழாயின் நீளம், விட்டம், சேரும் இடத்தின் வடிவம் எல்லாம் சேர்ந்துதான் எத்தனை ஆர்பிஎம்மில் உதவும் என்று தீர்மானிக்கிறது, உள்ளூரில் வளைத்து வெல்டு செய்யும் ஹெடர் ஒன்று இருப்பது போல் இன்னொன்று இருக்காது. சிலது கம்பெனி மேனிஃபோல்டை விடக் கேவலமாக ஓடும். "கொஞ்சம் பேக் பிரஷர் இருந்தால்தான் டார்க் வரும்" என்று ஒருவர் கீழே கமென்ட்டில் எழுதியிருந்தார். தடை இருந்தால் யாருக்கும் லாபமில்லை, தேவைப்படுவது புகையின் வேகம். குழாயை ரொம்பப் பெரிதாக்கினால் வேகம் போய்விடும், அதனால் கீழே இழுவை குறையும். அதைப் பார்த்துவிட்டுத்தான் தடை நல்லது என்ற பேச்சு வந்தது. கேட்டலிடிக் கன்வெர்டரை மட்டும் கழற்றாதீர்கள், அடைத்துப் போயிருந்தால் புதிது போடுங்கள்.

திறந்த ஏர் ஃபில்டர் உங்களுக்கு நேர் நஷ்டம். பானெட்டுக்குள் அப்படியே தொங்கினால் அது உறிஞ்சுவது ரேடியேட்டரைத் தாண்டி வரும் சூடான காற்றை. வெளியே 30 டிகிரியில் இருக்கும் காற்றுக்குப் பதிலாக 60 டிகிரி காற்று போனால் அடர்த்தி ஏறக்குறைய 9 சதவீதம் குறைகிறது, பவரும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குப் போகும், கூடவே இன்ஜின் தட்ட ஆரம்பிக்கும், அதாவது கலவை நேரம் தவறி வெடித்து டக்டக் என்று சத்தம் வரும். ஊரில் மார்ச், ஏப்ரல் வெயில் 40ஐத் தொடுகிற இடம் நம் பாலக்காட்டுக் கிழக்குப் பக்கம். கம்பெனி ஃபில்டர் பெட்டி ஃபெண்டர் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கும்படி செய்தது, அதை வைத்துக்கொண்டு நல்ல ஃபில்டர் போடுங்கள். அந்த உறுமல் சத்தம் கிடைக்காது, ஆமாம்.

இனி பட்டியலில் இல்லாதவை. டிராஃபிக்கில் ஒரு ட்யூன் செய்த வண்டியைக் கொல்வது முக்கால்வாசி நேரம் சூடுதான். வண்டி நகராதபோது ரேடியேட்டருக்கு ஃபேன் மட்டுமே கதி. இரண்டு ஃபேனும் ஓடுகிறதா, ஏ.சி. போட்டால் இரண்டும் சேர்ந்து ஓடுகிறதா என்று பாருங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் ஹீட் ஆகாது என்று எல்லைக்கு இரண்டு பக்கமும் மெக்கானிக்குகள் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஹைவேயில் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராது, இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமாக ஊற்றிக்கொண்டே இருக்கும், சிலிண்டர் தேயும், டிராஃபிக்கில் அதே வண்டி ஹீட்டும் ஆகும், ஏனென்றால் பழுது ரேடியேட்டரிலோ ஃபேனிலோ இருந்தது. ரேடியேட்டர் மூடியை மாற்றுங்கள், அது பிடிக்கும் பிரஷரால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. நம் பக்கத்து போர்வெல் தண்ணீரை ஊற்றவே கூடாது, உள்ளே உப்பு படிந்து குழாய் அடைத்துவிடும். பிளக்கும் அப்படித்தான், ரேஸ் கடையில் கொடுக்கும் கோல்ட் பிளக் (சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும் குளிர்ந்த வகை) நெரிசலில் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்கிற சூட்டுக்கு வராது, கருத்து மிஸ்ஸிங் அடிக்கும். கம்பெனி சொன்ன ஹீட் ரேஞ்சிலேயே இருங்கள்.

பெட்ரோல் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், இன்ஜின் தட்டாமல் இருக்க அது ஒரு வகையில் நல்லது, ஆனால் ஒரு லிட்டரில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் கலவையில் சுமார் 6, 7 சதவீதம் குறைகிறது. ஆக்ஸிஜன் சென்சார் வேலை செய்யும்போது கம்ப்யூட்டர் ஓரளவு சரிக்கட்டிக்கொள்ளும், ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்தும்போது அந்தச் சரிக்கட்டல் நடப்பதில்லை, அங்கே கலவை மெலிந்து போக வாய்ப்பு உண்டு. 2002 வண்டியின் பெட்ரோல் ஹோஸ், ஓ-ரிங் எல்லாம் இந்தக் கலவையை நினைத்துச் செய்ததல்ல, ஒருமுறை எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். 100 ஆக்டேன் பெட்ரோலை இந்த கம்ப்ரஷனில் ஊற்றுவது வீண் செலவு, பிளக் பொறி விடும் டைமிங்கை அதற்கேற்ப மாற்றாதவரை அது ஒன்றும் செய்யாது.

சட்டம். கேரளாவில் பிடிப்பார்கள், வாளையார் தாண்டிவிட்டால் பயமில்லை என்று நினைப்பவர்கள் நிறைய. கேரள எம்விடி (மோட்டார் வாகனத் துறை) கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கும் என்பது உண்மை, ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் மத்தியச் சட்டம். 52ஆம் பிரிவும், 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவும் இரண்டு பக்கமும் ஒன்றுதான், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடம் உண்டு. உங்கள் வண்டி 15 வருடம் தாண்டியது, 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. முன்னால் நிறுத்த வேண்டும், அன்றைக்கு உறுமுகிற சைலன்சரோடு போக முடியாது. இன்டேக், எக்ஸாஸ்ட் எதைத் தொட்டாலும் கம்பெனி பார்ட்டை விற்றுவிடாதீர்கள்.

கீழே கமென்ட்டில் ஒருவர் இதற்கெல்லாம் பதில் டர்போ வண்டி வாங்கு என்கிறார். நியாயம்தான். இப்போது ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ், ஸ்கோடா ஸ்லேவியாவில் வருகிற 1.5 டிஎஸ்ஐ 1600 ஆர்பிஎம்மிலேயே 250 நியூட்டன் மீட்டர் தருகிறது, மேலே 150 பிஎஸ், வேலை இல்லாதபோது இரண்டு சிலிண்டரை அணைத்தும் விடும். இன்ஜின் பக்கம் பவருக்கும் சாதுத்தனத்துக்கும் நடந்த சண்டை தீர்ந்துவிட்டது. சண்டை கியர்பாக்ஸுக்கு இடம் மாறியிருக்கிறது, டிஎஸ்ஜி என்கிற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் டிரை கிளட்ச் ஊர்ந்து ஊர்ந்து போவதில் சூடாகும், அதனால் இடைவெளி விட்டு நின்று, அப்புறம் ஒரேயடியாக நகர்வது நல்லது. சின்ன டர்போ இன்ஜினில் கீழ் ஆர்பிஎம்மில் உயர்ந்த கியரில் முழுதாக அழுத்தவும் கூடாது, ரீமேப் செய்தவர்கள் (பவருக்காக கம்ப்யூட்டர் ப்ரோகிராமை மாற்றியவர்கள்) குறிப்பாக.

உங்கள் பணத்தை நான் செலவழித்தால் முதலில் டயர், பிரேக் பேட், பிரேக் ஆயில், ஷாக் அப்சார்பர். கோவைக்காரர்கள் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ஃபார்முலா எல்ஜிபி 4 பந்தயம் பார்த்திருப்பார்கள், அந்த ஒற்றை ஆள் கார்களில் இருப்பது ஸ்விஃப்டின் 1.3 லிட்டர் இன்ஜின்தான், வேகம் எடை குறைவிலிருந்தும் பிடிப்பிலிருந்தும் வருகிறது. அடுத்து டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், வால்வு கிளியரன்ஸ், கிளட்ச், இன்ஜின் மவுன்ட். வால்வு கிளியரன்ஸைச் சரியாக வைத்து, பழைய ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றியதற்கே "என்ன போட்டீங்க, இப்படி இழுக்குது" என்று கேட்டவர்கள் உண்டு. அதற்கப்புறம் ஹெட்டில் போர்ட்களை (காற்றும் புகையும் போகும் வழி) அளவோடு சுத்தம் செய்து மூன்று கோண வால்வு சீட் கட்டிங், போர்ட்டைப் பெரிதாகக் குடைய வேண்டாம், காற்றின் வேகம் போய்விடும். நல்ல 4-2-1 ஒன்று. கடைசியாக, எல்லாம் முடிந்த பிறகு, வைட்பேண்ட் சென்சார் (காற்று, பெட்ரோல் கலவையைத் துல்லியமாக அளப்பது) வைத்து ட்யூன்.

இதெல்லாம் வண்டியைப் பார்க்காமல் சொல்வது. இருபது வருடம் தாண்டிய இன்ஜினில் ரிங் எப்படி இருக்கிறது, ஹெட்டை முன்பு யாராவது சீவியிருக்கிறார்களா என்பதை இங்கே உட்கார்ந்து சொல்ல முடியாது. ட்யூனருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இன்ஜின் சூடாக இருக்கும்போது, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் எடுத்து, நான்கு நம்பரையும் இங்கே எழுதுங்கள். நான்கும் நெருக்கமாக வந்தால் ஹெட் வேலையைப் பேசலாம், ஒன்று மட்டும் தள்ளி நின்றால் அந்தச் சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள், ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.